றொசல்ல அக்காவுக்கு நாலு படம்

என் கணவருக்கு பிலிம் கழுவும் டெவலப்பர் மருந்து ஒத்துக்கொள்ளாது. கை பட்டால் விரல் இடுக்குகள் சிவந்து தடித்து, பிறகு வெடித்து நீர் கசியும். கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தபோதே அவருக்கு அந்தத் தொல்லை இருந்திருக்கிறது. அங்கே பிலிம் கழுவ வேறு ஆள் இருந்ததால் தப்பித்துக்கொண்டார். எங்களுக்குக் கல்யாணமாகி, அட்டனில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ போட்டபோது, அந்த வேறு ஆள் நான் என்று ஆயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு காலையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய லாந்தரை என் கையில் கொடுத்து, "உள்ள போய் கதவ சாத்திக்க. நான் வெளிய நின்னு சொல்றேன், அப்படியே செய்யி" என்றார். கதவுக்கு வெளியே நின்று சத்தம் போட்டுத்தான் எனக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

ஸ்டூடியோ என்பது பலகையில் எழுதியிருந்த பெயர் மட்டும். உண்மையில் அது கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த முற்றமும், அதை ஒட்டிய ஜன்னல் இல்லாத ஓர் அறையும்தான். அந்த அறையில் முன்பு கருவாடும் மாசி மீனும் அடுக்கி வைத்திருந்தார்கள். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் வாடை போகவில்லை. மழை பிடித்துக்கொண்டால் சுவரே மீன் போல மணக்கும். முற்றத்தில் ஒரு சாம்பல் நிறத் துணியைக் கயிற்றில் கட்டி, அதன் முன்னால் முக்காலி போட்டுப் படம் எடுப்போம். முதலாளியின் கடைக்கு மின்சாரம் வந்திருந்தது. எங்கள் அறைக்கும் ஒரு கம்பி இழுத்துத் தாருங்கள் என்று கேட்டால், "பாப்பம் மகள், பாப்பம்" என்பார். நாங்கள் அங்கே இருந்த வருஷங்கள் முழுவதும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மின்சாரம் இல்லாததால் எல்லாமே வெயிலை நம்பிய வேலை. அட்டனில் வெயிலை நம்பித் தொழில் செய்வதைப் போல ஓர் அறிவீனம் கிடையாது. பிலிம் கழுவுவதற்கு மட்டும் வெளிச்சம் வேண்டாம். சிவப்பு லாந்தரை மூலையில் வைத்துவிட்டு, பிலிம் சுருளின் இரண்டு நுனியையும் இரண்டு கையால் பிடித்து, டெவலப்பர் ஊற்றிய பீங்கான் தட்டில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, தோள் கடுக்கும் வரை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு ஏறும். வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுத்த முகம் வெளிச்சமாகவும் தலைகீழாகத் தெரியத் தொடங்கும். அப்புறம் தண்ணீர், அப்புறம் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, அப்புறம் மறுபடியும் தண்ணீர். தண்ணீர், மலை ஊற்றிலிருந்து இறக்கிய முற்றத்துப் பீலியிலிருந்து வரும். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பீலித் தண்ணீரில் கை வைத்தால் எலும்புக்குள் ஊசி இறங்கும். கையை இடுப்பில் செருகிச் சூடு ஏற்றிக்கொண்டு மறுபடி உள்ளே விடுவேன்.

அந்தத் தண்ணீரில்தான் எங்கள் சண்டை தொடங்கியது.

நாங்கள் கொடுத்த படங்களெல்லாம் சாம்பல் பூத்தாற்போல இருந்தன. கறுப்பு கறுப்பாக இல்லை, வெள்ளை வெள்ளையாக இல்லை. கல்யாணப் பெண்ணும் சாம்பல், மாப்பிள்ளையின் கோட்டும் சாம்பல். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்று இழுப்பார்கள். முகத்துக்கு நேரே முதலில் சொன்னவர் றொசல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கொழுந்து எடுக்கும் பெண். நாற்பதைத் தாண்டியவர். உரத்த குரல், அகலமான நெற்றி, முன்பற்களுக்கு இடையில் ஓர் இடைவெளி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் பேசும்போது றொசல்ல அக்கா.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போய் வர பாஸ்போர்ட் வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. முன்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தலைமன்னார் ரயிலில் ஏறியவர்களை, இப்போது முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு வா என்றார்கள். எங்களுக்கு வேலை வந்ததே அதனால்தான். றொசல்ல அக்காவின் ஒரே மகளைத் திருச்சிப் பக்கம் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகளுக்குத் தலைப்பிரசவம். பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் படம்.

முதல் படத்தை என் கணவர் தோட்டத்துக்கே போய், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் கிளம்பும் முன் லயத்து வீட்டு வாசலில் வைத்து எடுத்தார். பனி கொட்டும் நேரம். அதே சாம்பல்தான் வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் மனு வாங்கும் ஆபீசுக்குப் போய், முகம் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அரை நாள் பேரை, அதாவது கூலியை, இழந்து, நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, இது நானா? நல்லா பாத்துச் சொல்லுங்க. செத்துப்போய் மூணாம் நாளு எடுத்த மாதிரில்ல இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "படமெல்லாம் நல்லாத்தாங்க எடுத்தேன். கழுவுறதுல கோளாறு" என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கே சந்தேகம் இருந்தது. டெவலப்பர் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். இங்கிலீஷ். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரியும். அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டி விளக்கடியில் பிடித்துப் படித்தார்.

"இதுல பாரன்ஹீட்டில அறுவத்தெட்டு பாகை எண்டு போட்டீக்கி மகள். தண்ணி அதுக்குக் கொறஞ்சா மருந்து சரியா வேல செய்யாதாம். ஒங்கட பீலித் தண்ணி எத்தின பாகை?"

"கை வெறச்சுப்போற பாகை" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த முறை கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போனபோது சூடு பார்க்கும் ஒரு கண்ணாடிக் குச்சி வாங்கி வந்து கொடுத்தார். பீலித் தண்ணீரில் விட்டேன். ஐம்பத்தைந்தைக்கூட அது தொடவில்லை.

ஆக, மருந்து பாதி தூக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. கழுவுவதில் கோளாறு என்றால் இதுதான் கோளாறு. எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். தெரிந்துவிட்டது அல்லவா, திருத்திவிடலாம். பெரிய அலுமினியச் சட்டியில் வெந்நீர் ஊற்றி, அதன் நடுவில் டெவலப்பர் தட்டை மிதக்க வைத்து, குச்சி அறுபத்தெட்டைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"கண்டில எங்க மாஸ்டர் ஒரு நாளும் தண்ணி சுட வெச்சதில்ல."

"கண்டி வேற, அட்டன் வேறங்க. அங்க இருக்கிற சூட்டுக்கு எதுக்குச் சுட வைக்கணும்?"

"என்னமோ செய்யி. வெறகு வீணாப் போகுது" என்று போய்விட்டார்.

றொசல்ல அக்காவை மறுபடியும் தோட்டத்தில், மறுபடியும் காலையில் எடுத்தார். அந்தச் சுருளை நான் பிள்ளைக்கு வெந்நீர் விளாவுவது போல விளாவிக் கழுவினேன். சூடு சரி, நேரம் சரி, ஆட்டியதும் சரி. ஹைப்போவிலிருந்து எடுத்து, கதவைத் திறந்து, பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு. முகம் எது, முக்காடு எது, பின்னால் தொங்கிய துணி எது என்று தெரியாத அளவுக்குக் கட்டிக் கறுப்பு. தார் பூசியது போல இருந்தது.

என் கணவர் பிலிமை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் மறக்கவில்லை.

"பாத்தியா? இத்தன நாளா பச்சத் தண்ணிலயாவது ஏதோ வந்துச்சு. நீ சுட வெச்சு எல்லாத்தையும் அவிச்சுப்புட்ட."

"நான் அவிக்கல. நீங்க வெளிச்சத்த அள்ளி அள்ளி விட்டிருக்கீங்க. அதான் கறுத்துப்போச்சு."

"எத்தன வருசமா நான் படம் புடிக்கிறேன், எனக்கு வெளிச்சம் தெரியாதா?"

"அப்ப இது என்னா?"

முதலாளி கடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "மெல்லமாப் பேசுங்க, யாவாரம் நடக்குது" என்றார்.

அந்தக் கட்டிக் கறுப்பிலிருந்து எப்படியாவது ஒரு பிரதி போட்டுவிடலாம் என்று முயன்றேன். பிரதி போடுவதும் வெயில்தான். அறைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை, அதன் மேல் ஒரு தகர மூடி. நெகட்டிவ்வையும் காகிதத்தையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழுத்தி, துளைக்கு நேரே பிடித்து, மூடியைத் தள்ளி எண்ண வேண்டும். வழக்கமாகப் பத்து எண்ணினால் போதும். அன்றைக்கு எண்ணி எண்ணி நூறைத் தாண்டினேன். படம் வந்தது. அக்காவின் நெற்றியும் கன்னமும் ஒரே வெள்ளைப் பாளமாக, அதில் இரண்டு கண் மட்டும் பொட்டு வைத்தது போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து பார்த்தார்.

"இது யாரு? பெரிய தொரையோட பொஞ்சாதியா?"

நான் படத்தை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, எம்மவளுக்கு நாளு நெருங்குது. நான் வெளையாட வரல."

"இன்னொரு தரம் எடுத்துக் குடுத்துடுறோம் அக்கா. இப்பவே, இந்த முத்தத்துலயே."

என் கணவருக்கு அன்று என் மேல் இருந்த ஆத்திரம் முழுவதும் காமிராவில் இறங்கியது. இவள்தானே வெளிச்சம் அதிகம் என்றாள், இந்தா என்று குறைத்துக்கொண்டார். அதற்கு முந்தின நாள் காலையிலேயே வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அப்போது காமிராவில் இருந்த சுருளில் ஆறு படம் அப்படிக் குறைத்து எடுத்திருந்தார். மிச்சம் ஆறும் அன்று முற்றத்துக்கு வந்தவர்களுக்கு, அதில் ஒன்றாகத்தான் அக்காவை எடுத்தார். நேரம் நடுப்பகல். தை மாதத்தில் அபூர்வமாக வந்த முழு வெயில். அக்காவின் முகத்தில் ஒரு நிழல்கூட இல்லை.

அன்றே கழுவினேன். கழுவி முடித்து வெளிச்சத்தில் பிடித்ததும் கதவுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வட்டவளையில் விடிகாலை பனியில் எடுத்த ஆறும் நன்றாக இருந்தன. அவ்வளவு நல்ல நெகட்டிவ் எங்கள் முற்றத்தில் அதற்கு முன் வந்ததில்லை. முழு வெயிலில் எடுத்த ஆறும் காலி. வெறும் கண்ணாடி. உற்றுப் பார்த்தால் மேகத்தில் கோடு கிழித்தது போல ஒரு முக்காட்டின் விளிம்பு.

ஒரே சுருள். ஒரே தட்டு. ஒரே சூடு. இருட்டில் எடுத்தது தெரிகிறது, வெயிலில் எடுத்தது தெரியவில்லை.

"நீ பாதியத்தான் மருந்துல முக்கியிருப்ப" என்றார் என் கணவர்.

"அப்படின்னா நடுவுல கோடு விழும். கோடு எங்க இருக்கு? காட்டுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். விஷயம் கேட்டுக் காத்திருந்த அக்காவிடம் நான்தான் பிலிமைக் காட்ட வேண்டியிருந்தது. அக்கா அதை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

நான் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிலிமை என் மடியில் வைத்துவிட்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நடந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று சோறு ஆக்கவும் எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார். எனக்கும் ஒன்று வைத்தார். நான் தொடவில்லை.

அந்த வாரம் முழுவதும் அந்தச் சுருள் என்னை விடவில்லை. பிலிம் சரியாக இருந்து, மருந்தும் சரியாக இருந்தால், மிச்சம் இருப்பது அவரும் காமிராவும்தான். அவர்தான் என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன், மறைப்பானேன். ஆனால் பழைய படங்களை எடுத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. போன யாத்திரை சீசனில், மலை அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில், ஏறி இறங்கிய கூட்டத்தை அவர் விடியும் நேரத்தில் எடுத்திருந்தார். அதில் ஒரு கிழவர் தேத்தண்ணிக் குவளையை வாய்க்குக் கொண்டுபோகிறார். கிழவர் தெளிவாக இருக்கிறார். குவளையைப் பிடித்த கை மட்டும் இரண்டு கையாகக் கலங்கியிருக்கிறது. இன்னொன்றில் ஒரு பெண்ணின் சேலை முந்தானை புகையாகக் கரைந்திருக்கிறது. மத்தியானம் எடுத்த எந்தப் படத்திலும் அப்படிக் கலங்கல் இல்லை. காமிராவின் இமை, அதுதான் ஷட்டர், திறந்து மூடுகிற நேரத்தில் ஒரு கை அவ்வளவு தூரம் போக முடியாது. இமை மூடத் தாமதித்தால்தான் முடியும்.

மறுநாள் விடிந்ததும், அவர் போர்வைக்குள் இருக்கும்போதே, காமிராவை எடுத்து முற்றத்துப் பீலிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிலிம் போடாத காமிரா. பனியில் அது நன்றாக விறைக்கட்டும் என்று விட்டு, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுப் போய் எடுத்தேன். தொட்டால் சில்லென்றிருந்தது. பின்பக்க மூடியைத் திறந்து, வானத்துக்கு நேரே பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே விசையை அழுத்தினேன்.

டிக் என்று வர வேண்டிய சத்தம், தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்காருகிற ஆளைப் போல, டி என்று தொடங்கி, நின்று, அப்புறம்தான் க் என்று முடிந்தது. வட்ட வெளிச்சம் என் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அங்கேயே நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே இழுவை. அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடேற விட்டு அழுத்தினேன். டிக். வெளிச்சம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குளிர் நேரத்தில் காமிரா சோம்பி, வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் உள்ளே விட்டிருக்கிறது. என் பச்சைத் தண்ணீர் மருந்தும் சோம்பி, அந்த அதிக வெளிச்சத்தை முழுக்கக் கறுக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு கோளாறும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றதால்தான் ஏதோ சாம்பலாகவாவது படம் வந்திருக்கிறது. நான் என் பக்கத்தைத் திருத்தியதும் அவர் பக்கம் அம்பலமானது. அவர் வெளிச்சத்தைக் குறைத்ததை வட்டவளைக் குளிரில் காமிராவின் சோம்பல் ஈடுகட்டியது, சூடான நடுப்பகலிலோ காமிரா ஒழுங்காக ஓடி, படமே விழாமல் போனது. இத்தனை வாரம் ஒருவரையொருவர் குதறிக்கொண்டதற்குக் காரணம், அந்தக் காமிரா வயிற்றுக்குள் கிடந்த ஒரு சொட்டு எண்ணெய் என்பது பிறகு தெரிந்தது.

அவரை எழுப்பிக் காட்டினேன். முதலில் போர்வையை இழுத்துக்கொண்டார். கண்ணுக்கு நேரே காமிராவைப் பிடித்து அழுத்தினேன். மறுபடி வெளியே விறைக்க வைத்து அழுத்தினேன். மூன்றாம் தரம் காமிராவை என் கையிலிருந்து பிடுங்கி அவரே அழுத்திப் பார்த்தார். காதோரம் வைத்துக் கேட்டார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த லட்சணம் அந்தப் பெட்டில கெடக்கு, எடுத்துப் பாருங்க."

கடைத்தெருவில் ஒரு சிங்களவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பார். காமிராவில் கை வைக்க மாட்டேன் என்று முதலில் மறுத்துவிட்டார். என் கணவர் இரண்டு மூன்று தடவை போய் நின்றபிறகு, ஒரு ஸ்க்ரூ தொலைந்தாலும் என்னைக் கேட்கக்கூடாது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். திறந்து பார்த்து, "தெல் மிதிலா" என்றார். எண்ணெய் உறைந்துவிட்டது என்று அர்த்தம். பெட்ரோலில் கழுவித் துடைத்துக் கொடுத்தார். அதன்பிறகு குளிரிலும் இமை சுருக்கென்று விழுந்தது. ஆனால் மெதுவான வேகங்களில் ஒன்று அடியோடு செத்துப்போனது. அந்த எண்ணில் வைத்தால் திறந்த இமை மூடவே மூடாது. அந்த எண்ணைத் தொடாமல் சமாளிக்கப் பழகிக்கொண்டோம்.

இதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். ஒரு மாலை, நான் அறைக்குள் பிலிம் ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே என் கணவர் முதலாளியிடம் பேசுவது கேட்டது.

"குளிருக்கு ஷட்டர் இழுக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம் மொதலாளி. ஒரு நாளு காலையில வெளிய வெச்சு அமுத்திப் பாத்தேன். புடிச்சுட்டேன்."

"நீங்க கெட்டிக்காரன்தான் மாஸ்டர்" என்றார் முதலாளி.

கையில் பிலிம். பாதியில் விட முடியாது. வெளியே போக முடியாது. வாயைத் திறந்து கத்தலாம், கத்தினால் ஆட்டுகிற கணக்கு தப்பும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றி இறக்கினேன். கழுவி முடித்து வெளியே வந்தபோது முதலாளி கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார். என் கணவர் காமிராவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு புடிச்சது?" என்று கேட்டேன்.

"எதை?"

"வெளிய வெச்சு அமுத்திப் பாத்தது யாரு?"

"யாரு பாத்தா என்ன, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான சொன்னேன்" என்றார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

அந்த எரிச்சல் ஆறுவதற்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை றொசல்ல அக்கா வந்தார். நான்தான் அவர் தோட்டத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒருத்தியிடம் சொல்லியனுப்பியிருந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நல்ல சேலை உடுத்தி, எண்ணெய் வைத்துச் சீவி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். என் கணவர் காமிராவை எடுத்தார்.

"நான் எடுக்குறேன்" என்றேன்.

"நீ என்னாத்த எடுப்ப?"

"காமிராக் கோளாற நீங்கதான புடிச்சு சரியாக்குனீங்க. நல்ல காமிராவுல யாரும் எடுக்கலாம்."

அதற்குள் அக்கா முக்காலியிலிருந்து பேசினார்: "தங்கச்சியே எடுக்கட்டுங்க. நீங்க எடுத்த மூணையும்தான் பாத்தாச்சே."

அவர் காமிராவை என் கையில் வைத்துவிட்டு, முற்றத்து ஓரத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேகம் வெயிலை மூடியும் திறந்தும் விளையாடியது. வெளிச்சம் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்தேன். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மவளுக்குப் பேறு எப்ப?"

"பேறா?" என்றார் அக்கா. "பொறந்து ஒரு மாசம் ஆச்சு. பேத்தி. தந்தி வந்துச்சு."

என் விரல் விசையில் இருந்தது. அழுத்த மறந்தேன்.

"எடுங்க தங்கச்சி. பொறந்தா என்னா, பாக்க வேணாமா?"

எடுத்தேன். அன்று மாலையே கழுவினேன். நெகட்டிவ் நன்றாக இருந்தது. அதைவிடச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நெற்றியில் இருந்த சிறு தழும்பு, மூக்குத்தி, மூடிய உதட்டுக்கு நடுவில் இடைவெளிப் பல் தள்ளிய மேடு, எல்லாம் இருந்தன. பிரதிகளை வாங்கிப் பார்த்து, "ம், இதுதான் நானு" என்றார் அக்கா. அவ்வளவுதான் பாராட்டு.

ஆனால் அந்தப் பேறுகாலம் போனதற்கு நாங்கள்தான் காரணம் என்று அவர் தோட்டத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. எங்களால் கழிந்தது சில வாரங்கள். நல்ல படத்தைக் கொடுத்த பிறகு ஆபீசில் அவருடைய விண்ணப்பத் தாள்கள் கிடந்தது மாதக்கணக்கில். இந்தத் தாளைக் கொண்டு வா, தோட்டத்துத் துரையிடம் கையெழுத்து வாங்கி வா, அடுத்த வாரம் வா என்று அலைக்கழித்தார்கள். முதல் தடவையே தெளிவான படத்தோடு போயிருந்தாலும் அக்கா பிரசவத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். இதை நான் யாரிடம் சொல்வது? ஆபீசின் மேல் யாருக்கும் கோபமில்லை. அது மழை மாதிரி, மேலிருந்து விழுவது. பீலியடியில் கை விறைக்க நிற்கிறவள்தான் கண்ணுக்குத் தெரிகிறாள்.

மழைக்காலம் பிறந்தபிறகு ஒரு நாள் அக்கா பாஸ்போர்ட்டோடு வந்தார். அந்த வாரம் பயணம். காட்டிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வாங்கிப் பிரித்தேன். படம் ஒட்டியிருந்தது. அதன்மேல் ஊதா மையில் வட்ட முத்திரை, கன்னத்தின் ஓரத்தில் அல்ல, நட்ட நடுவில். மூக்குத்தி போயிற்று, ஒரு கண் போயிற்று, நெற்றித் தழும்பின் மேல் யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து வால் நீட்டியிருந்தது.

"என்னாக்கா இது, இப்படிக் குத்தி வெச்சிருக்காங்க! மூஞ்சி தெரியலன்னுதான மொத படத்தத் திருப்புனாங்க!"

என் குரல் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார். என் கணவரும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, முதல் முறையாக, எனக்காக முகம் சுளித்தார்.

அக்காவுக்கு நாங்கள் ஏன் இப்படிப் பதறுகிறோம் என்றே புரியவில்லை. "போவுது விடுங்க தங்கச்சி. என்னைய பாத்தா நான்தான்னு அவுங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். போகிறபோது என் கையைப் பிடித்து, "கையி ஏன் இப்படி ஐஸா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போனதும் அந்த நெகட்டிவ்வைத் தேடி எடுத்து, எனக்கென்று ஒரு பிரதி போட உட்கார்ந்தேன். தகர மூடியைத் தள்ளி எண்ணத் தொடங்கினால் மேகம் மறைத்தது. முதல் காகிதம் வெளுத்துப் போனது. இரண்டாவதற்கு அதிகமாக எண்ணினேன், நடுவில் வெயில் வந்து கறுத்துப் போனது. "யாரு கேட்டான்னு காயிதத்த வீணாக்குற?" என்று கதவுக்கு வெளியிலிருந்து என் கணவர் கேட்டார். "யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மூன்றாவது காகிதத்தை எடுத்துச் சட்டத்துக்குள் அழுத்தினேன்.